ஆரணி ஜோடி

என் பட்டுத்தறியில் வேலை செய்யும் இருவரையும் இழுத்துக்கொண்டு போக மெட்ராஸிலிருந்து ஆள் வந்துவிட்டதாகப் போளூரிலிருந்து ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி நம்பிவிட்டேன். முன் சீட்டில் சஃபாரி சூட்காரர் ஒருவர், பக்கத்தில் நம்மூர்ப் பேச்சு பேசும் ஒருவர்.

"அந்தக் குள்ளன் கை என்னா வேகம். நெட்டையன் அவன் மூஞ்சியப் பாக்காமலே புரிஞ்சிக்கிறான் சார்."

என் தறியில் உட்காருபவர் குள்ளம். பக்கத்தில் நின்று கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளுபவர் நெட்டை. கல்யாணப் புடவை பாதியில் இருந்தது. முன் சீட்டுப் பக்கம் காதை நீட்டினேன்.

"சம்பளம், குவார்ட்டர்ஸ் எல்லாம் தரோம்யா. ஆனா ஒரு வேலதான் காலி. குள்ளன மட்டும் எடுத்துக்கறேன்."

"பாதி ஆட்டம்தான் வரும் சார். உங்க பேங்க் டீம்ல பந்த தட்டிகினு போற கார்டு ரெண்டு பேரும் பாஸ்கெட்பால் நல்லாத்தான் ஆடறாங்க. ஆனா ஆளுக்கொரு பக்கம் பாத்துகினு நிக்கறாங்க. நம்ம பசங்க பேசிக்கறதே இல்ல, பந்து போய்கினே இருக்குது."

"நம்மள எதுத்து ஆடற மில் டீம் ஜோடி எப்படி?"

"அவங்களுக்கு வயசாயிடுச்சி சார், மில்லும் புது ஜோடி தேடுது. ஜல்தியா ரெண்டு வேல கேளுங்க. இல்லன்னா மில்லுக்காரங்க கொத்திகினு போயிடுவாங்க."

"மேனேஜர் திட்டுவாரு."

"திட்டு வாங்கிக்கோங்க. நெட்டையன் இல்லாம குள்ளன் வரமாட்டான்."

ஆரணி வந்ததும் சஃபாரி சூட்காரர் எழுந்தார்.

"சரி, கேக்கறேன்யா."

ஐம்பது தாண்டிய என் ஆட்கள் இருவரும் பந்தோடு ஓடுவதை நினைத்துப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த மாதம் பந்தாடும் அந்தக் குள்ளனும் நெட்டையனும் ஒரே பேங்கின் வேலைக் கடிதங்களோடு மெட்ராஸ் பஸ் ஏறினார்கள்.