தேடப்போன வள்ளங்களைத் திருப்பிய செய்தி

பெயர்: லதீசன் அனுஷியா. வயது: 34. தொழில்: கருவாடு போடுதல். முகவரி: கடற்கரை வீதி, சல்லி, திருகோணமலை. இணையச் செய்தியாளர் தனஞ்சயன் என்பவருக்கு அடித்து, அவருடைய கமெராவை உடைத்ததாகக் கிடைத்த முறைப்பாடு சம்பந்தமாகப் பொலிசில் நான் சொல்லச் சொல்ல எழுதப்படுவது.

நான் மேற்படி முகவரியில் கணவர் லதீசனுடன் இருந்தனான். இப்ப தனிய இருக்கிறன். திங்கட்கிழமை பின்னேரம் அவர் தன்ர வள்ளத்தில் தனியத் தொழிலுக்குப் போனவர். விடிய வரவில்லை. அதன் பிறகு என்ர அண்ணன் சசிகரன் ஊர் வள்ளங்களைச் சேர்த்துக்கொண்டு தேடப் போனவர். செவ்வாய் முழுக்கத் தேடி, புதன் விடியவும் திரும்ப இறங்கி, வெளிச்சவீட்டுக்கு அங்கால் தேடிக்கொண்டு நின்றவை.

அன்று காலை துறைமுகப் பக்கம் ஒரு ஆணின் பிரேதம் ஒதுங்கியிருப்பதாகவும், அடையாளம் காட்ட வரும்படியும் எனக்குச் சொன்னார்கள். நான் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே என்ர போனில் செய்தி வந்திட்டுது. தனஞ்சயன் தன்ர செய்திப் பக்கத்தில் “காணாமல் போன சல்லி மீனவர் சடலமாக மீட்பு” என்று போட்டு, எங்கட கலியாணப் படத்தில் என்னை வெட்டி எடுத்துப்போட்டு அவரை மட்டும் வைத்திருந்தவர். நான் அந்த நேரம் பிரேதத்தைக் காணவே இல்லை. அதன் பிறகு உள்ளே போய்ப் பார்த்தால் அது தலை நரைத்த வேறு ஆள். எனக்குச் சந்தோசம் வந்தது. சொல்ல வெட்கமாய்க் கிடக்கு, அந்த மனுசனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்தானே.

உடனே தனஞ்சயனுக்குப் போன் எடுத்து அதை அழிக்கச் சொன்னனான். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற யாரோ சொல்லித்தான் போட்டவராம். மற்றப் பக்கங்களும் பார்த்துப் போட்டிட்டினமாம், தான் மட்டும் எடுத்தால் தன்ர பேர் கெட்டுப்போகுமாம், உறுதிப்படுத்திப்போட்டுப் பார்ப்பமாம். கட்டின பெண்சாதி சொல்லுறன், இதுக்கு மேல் என்ன உறுதி வேணும் அவருக்கு?

எங்கட கரையில் ஒரு சாவு விழுந்தால் பிரேதம் எடுக்கும்வரை ஒரு வள்ளமும் இறங்காது, கடலில் நிற்கிறதும் கரைக்கு வந்திடும். அண்ணன் கடலில் நின்றபடியே அந்தச் செய்தியைப் பார்த்து எல்லாரையும் திருப்பிப்போட்டார். நான் அவருக்கு எடுத்து, அது இவரில்லை என்று கத்தினனான். எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு என்று நினைத்து அவரும் அழுதவர். “படம் போட்டிருக்குப் பிள்ளை” என்றுதான் சொன்னவர்.

அதன் பிறகு நான் வீட்டுக்கு வர, பந்தல் போட்டு வெள்ளை கட்டியிருந்தது. வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. ஒவ்வொருவராய்ப் பிடித்துக் கெஞ்சினனான். பின்னேரம் அந்தப் பிரேதத்துக்கு உரிய ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்ட பிறகுதான் நம்பினார்கள். அதுக்குள்ளே காற்று எழும்பிட்டுது. வியாழன் முழுக்க இறங்க ஏலாமல் போச்சு.

வெள்ளிக்கிழமை இலங்கைத்துறை ஊர் ஆட்கள் அவருடைய வள்ளத்தைக் கண்டு இழுத்து வந்தார்கள். இஞ்சின் பழுதாகியிருந்தது. அவர் உள்ளே கிடந்தவர். ஆட்கள் காணட்டும் என்று சேட்டைக் கழற்றித் தடியில் கட்டியிருந்தவர். அவர் தண்ணியில் மூழ்கிச் சாகவில்லை, குடிக்கத் தண்ணி இல்லாமல் வியாழக்கிழமைதான் உயிர் போயிருக்கு என்று டொக்டர் சொன்னவர்.

சனிக்கிழமை செத்த வீட்டுக்குத் தனஞ்சயன் கமெராவோடு வந்தவர். நான் மரியாதையாய்த்தான் கேட்டனான். தம்பி, புதன்கிழமை போட்டது பிழை, அவர் வியாழன் வரைக்கும் உயிரோடு இருந்தவர் என்று போடுங்கோ என்றனான். அதுக்கு அவர், “அக்கா, செத்தது எண்டு புதன்கிழமையே போட்டாச்சு. இனி அது செய்தி இல்லை” என்று சொன்னவர்.

அதன் பிறகு நான் அவருடைய கன்னத்தில் அடித்தனான். கமெராவைப் பறித்துப் படிக்கல்லில் போட்டு உடைத்தனான். ஒருவரும் தூண்டிவிடவில்லை. செய்ததுக்குக் கவலைப்படுகிறேனா என்று ஐயா கேட்கிறீங்கள். இல்லை.

அண்ணன் இன்னும் கடலுக்குப் போகவில்லை. தன்ர வீட்டுக் குசினிக்குள், அடுப்பு மூலையில் இருக்கிறார், சாப்பிடுகிறாரில்லை, என்ர முகத்தைப் பார்க்கிறாரில்லை. நீதான் போய் ஒரு வார்த்தை சொல்ல வேணும், இல்லாட்டி அவரும் போயிடுவார் என்று அண்ணி அழுகிறா. அவருடைய வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வாறன். எனக்கு வாய் வருகுதில்லை.

இதை வாசிக்கக் கேட்டனான். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை என்று ஒப்பம் வைக்கிறேன்.

(ஒப்பம்) ல. அனுஷியா