பதினேழு நாகம் குடியிருக்கும் கிட்டங்கி

காளியாயி: ...அப்ப அம்புட்டுச் சட்டியையும் எங்குட்டுக் கொண்டுபோறது? பதினேழு சட்டி அண்ணே!

பெரியகருப்பன்: எங்குட்டும் கொண்டுபோக வேணாம். தெக்கு அறையில வச்சு மேல வைக்கலைப் போட்டுட்டேல்ல?

காளியாயி: போட்டேன்.

பெரியகருப்பன்: அருவாளை உள்ள விட்டுட்டு வந்துட்டியா?

காளியாயி: வேலியில செருகியிருக்கேன். வெடிமருந்து இருக்கிற எடத்துக்கு இரும்பைக் கொண்டுபோவேனா? ஒரு உரசல் போதுமே... எனக்கே சொல்றீக பாருங்க.

பெரியகருப்பன்: சொல்லி வச்சா தப்பில்ல.

காளியாயி: எங்க வீட்டுக்காரரு சிவகங்கை செயில்ல ஆறு மாசம் களி தின்னுட்டு வந்ததே இந்த மருந்து இடிச்சதுக்குத்தான். இந்தத் தடவை என்னையக் கொண்டுபோனா...

பெரியகருப்பன்: வாரது போலீசு இல்ல தாயி. தொல்பொருள் இலாகா. பழைய கல்லைப் பாத்துட்டுப் போற ஆளு. முப்பது வருசம் தலையாரியா இருந்தவன் நான். எத்தனை தாசில்தாருக்கு இல்லாத கம்மாயைக் காட்டியிருக்கேன், தெரியுமா?

காளியாயி: இருந்த கம்மாயை இல்லைன்னும் சொல்லியிருக்கீக.

பெரியகருப்பன்: அது வேற தாசில்தாரு.

காளியாயி: அந்தா... உசில மரத்தடியில நிக்கிறாரு.

பெரியகருப்பன்: என்ன செய்யிறாரு? என் கண்ணுக்கு மரமே சரியாத் தெரியல.

காளியாயி: பூட்ஸைக் கழட்டுறாரு... இடுப்புலருந்து என்னமோ எடுத்துக் கொப்புல மாட்டுறாரு. சாவிக்கொத்து மாதிரி மினுங்குது.

பெரியகருப்பன்: வேக்காடு தாங்கல போல. மெட்ராசு ஒடம்பு. நீ பேசாம இரு. பேச்செல்லாம் நான் பாத்துக்கிறேன்.

காளியாயி: அதான்ணே பயமா இருக்கு.

சத்தியமூர்த்தி: வணக்கம் பெரியவரே. நான் சத்தியமூர்த்தி, தொல்பொருள் இலாகா. மருந்துக் கிட்டங்கி இதுதானா?

பெரியகருப்பன்: இதேதான் எசமான்! கும்பினியான் சண்டையில பாளையக்காரருக்கு வெடிமருந்து இடிச்சுச் சேத்து வச்ச எடம். நூத்து முப்பது வருசமா ஈ, காக்கா வந்ததில்ல. ஆயிரத்தெட்டு உரலு!

சத்தியமூர்த்தி: நாலுதானே தெரியுது?

பெரியகருப்பன்: மிச்சம் ஆயிரத்து நாலும் மண்ணுக்குள்ள. தோண்டிராதீக, கோவிச்சுக்கிரும்.

சத்தியமூர்த்தி: யாரு?

பெரியகருப்பன்: உரலு.

சத்தியமூர்த்தி: சுவர் கனம் மூணு முழத்துக்குக் குறையாது. கல்லும் சுண்ணாம்பும்... ஆனா மேல ஓலை வேய்ஞ்ச தடம்தான் தெரியுது.

பெரியகருப்பன்: அதுவா? ஓடு வாங்க ஆளு சீனாவுக்குப் போயிருந்தாக, அதுக்குள்ள சண்டை...

சத்தியமூர்த்தி: இல்ல பெரியவரே. வெடிச்சா சுவரு நிக்கணும், கூரை மட்டும் பறக்கணும். பக்கத்து அறையில இடிக்கிறவன் பொழைச்சுக்கிருவான்.

பெரியகருப்பன்: ...படிச்சவுக படிச்சவுகதான். சரி, பாத்தாச்சுல்ல? அங்குட்டுப் போவோமா? சாக்கோட்டையில கோயில் இருக்கு, இதைவிடப் பழசு. வெயிலுக்கு முந்தி...

சத்தியமூர்த்தி: இருங்க. இங்க எப்பவாவது வெடிச்சிருக்கா?

பெரியகருப்பன்: என்ன அப்படிக் கேட்டுட்டீக! ஒரு வெடி வெடிச்சுச்சு பாருங்க... வாசல்ல கட்டியிருந்த காளைமாடு எந்திரிச்சு, நாட்டரசன்கோட்டை ஊருணியில போயி விழுந்துச்சு. வாயில வச்ச வைக்கல் கீழ விழல. அசை போட்டுக்கிட்டே எறங்குச்சாம்.

காளியாயி: போன வாரம் கொத்தமங்கலம்னீக.

பெரியகருப்பன்: அவ்வளவு தூரம் போற மாடு ஒரு ஊர்ல எறங்கி இளைப்பாறாதா?

சத்தியமூர்த்தி: மாடு சரி. ஆளுக?

பெரியகருப்பன்: ஆளுகளுக்கென்ன! மீசை கருகிப்போச்சு, வேட்டி பறந்துபோச்சு. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிக் கஞ்சி குடிச்சாக.

சத்தியமூர்த்தி: ஒருத்தர் கூடச் சாகலையா?

பெரியகருப்பன்: ஒருத்தர் கூட!

சத்தியமூர்த்தி: ...நல்ல வெடி.

காளியாயி: அண்ணே... பைக்குள்ள கையை விடுறாரு... சிகரெட்டு டப்பா...

பெரியகருப்பன்: எசமான்! எசமான்! பத்த வைக்காதீக! இங்க... இங்க ஐயனாரு குதிரை நடமாடுற எடம். புகை ஆகாது அதுக்கு. இருமும்.

சத்தியமூர்த்தி: பென்சில் பெரியவரே. டப்பாவுல பென்சில்தான் வச்சிருக்கேன். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

பெரியகருப்பன்: வயசு எசமான். வாங்க, போயிருவோம்.

சத்தியமூர்த்தி: இந்த உரலை மட்டும் பாத்துர்றேன். மத்த மூணுலயும் பாசி, எலை, ஓணான் முட்டை. இது மட்டும் கழுவித் தொடைச்ச மாதிரி இருக்கே. ஈ, காக்கா வராத எடத்துல?

பெரியகருப்பன்: அது... காளியாயி தொவையல் அரைக்கும்.

காளியாயி: நானா?

பெரியகருப்பன்: ஆமா, நீதான். தெனமும் அரைக்கிறதுதானே, என்ன வெக்கம்?

சத்தியமூர்த்தி: அடியில கருப்பா ஒட்டியிருக்கு.

காளியாயி: எள்ளுத் தொவையலுங்க.

சத்தியமூர்த்தி: ஊரை விட்டு ஒரு மைல் தள்ளி, பொட்டக்காட்டுல வந்து எள்ளுத் தொவையலா?

காளியாயி: வீட்டுல மாமியா இருக்காக. கைப்பக்குவத்தைப் பாத்துக் கத்துக்கிருவாக.

பெரியகருப்பன்: ஐயோ, வெரலால தொட்டு... நாக்குல வைக்காதீக எசமான்! நேத்துத் தொவையல்!

சத்தியமூர்த்தி: நாக்கு ஜில்லுனு இருக்கு... உப்பு கொஞ்சம் தூக்கல் அம்மா. கரி எருக்கங்கட்டையா?

காளியாயி: இல்ல, தொவரஞ்செடி மாரு... ஐயையோ!

பெரியகருப்பன்: அடுப்பெரிக்க! அடுப்பெரிக்கிறதைச் சொல்லுது, பாவம்.

சத்தியமூர்த்தி: சரி சரி. தெக்கால ஒரு அறை இருக்கே. அதையும் பாத்துட்டா வேலை முடிஞ்சுது.

பெரியகருப்பன்: அதுக்குள்ள போகக் கூடாது! நாகம்! நல்ல நாகம் இருக்கு!

சத்தியமூர்த்தி: எத்தனை?

பெரியகருப்பன்: பதினேழு.

காளியாயி: அண்ணே!

சத்தியமூர்த்தி: எண்ணியே பாத்துட்டீங்களா?

பெரியகருப்பன்: தூங்குறப்ப எண்ணினது.

சத்தியமூர்த்தி: வாசல்ல நின்னு எட்டிப் பாத்துக்கிறேன்... வைக்கல் புதுசா இருக்கே.

பெரியகருப்பன்: அதுகளுக்கும் குளிரும்ல எசமான்.

சத்தியமூர்த்தி: வைக்கலுக்கு அடியில, சட்டி விளிம்பு மாதிரி...

காளியாயி: சாமி! என்னைய விட்டுருங்க சாமி! புதன்கெழமை எங்க ஐயனாருக்குப் பொரவியெடுப்பு. மண்குதிரை ஊருக்குள்ள கெளம்புறப்ப வேட்டுப் போடலைன்னா சாமி எந்திரிக்காதுன்னு... எங்க வீட்டுக்காரருக்கு செயிலுக்குப் போயி வந்ததுலருந்து கை நடுங்குது. அதான் நானே இடிச்சேன். இவருக்கு ஒண்ணும் தெரியாது.

பெரியகருப்பன்: அது பொய் எசமான். சல்லடை புடிச்சது நான்தான். எழுதுறதா இருந்தா என் பேரை எழுதுங்க. பென்சன்காரன், களி தின்னாலும் செரிக்கும். இது பொம்பளை... விட்டுருங்க.

சத்தியமூர்த்தி: பெரியவரே, முதல் தடவையா நிசம் பேசுறீங்க போல.

பெரியகருப்பன்: வாய் கூசுது எசமான்.

சத்தியமூர்த்தி: நான் எழுதுறதைக் கேளுங்க. "தெற்கு அறை. பாம்புகள் மிகுதி. உள்ளே செல்ல இயலவில்லை." சரியா?

காளியாயி: ...சாமி?

பெரியகருப்பன்: பதினேழுன்னு போடுங்க எசமான். சும்மா மிகுதின்னா எவன் நம்புவான்?

காளியாயி: அண்ணே, வாயை மூடுங்க!

சத்தியமூர்த்தி: வியாழக்கெழமை எங்க துரை நேர்ல பாக்க வாராரு. அவரு வாயில எப்பவும் சுங்கான் புகைஞ்சுக்கிட்டே இருக்கும். பாம்பு, குதிரைன்னு சொன்னா நிக்க மாட்டாரு. நேரா உள்ள போயிருவாரு.

பெரியகருப்பன்: வியாழக்கெழமை உள்ள ஒண்ணும் இருக்காது. பதினேழும் புதன்கெழமையே வானத்துக்குப் போயிரும்!

சத்தியமூர்த்தி: அதுவரைக்கும் ஒரே அறையில அத்தனையும் வைக்காதீங்க. பிரிச்சு வைங்க. இந்த அம்மா இடிக்கிறப்ப பக்கத்துல யாரும் நிக்க வேணாம். நான் வாரேன்.

பெரியகருப்பன்: தம்பி, நில்லுங்க... ஒண்ணு மனசுக்குள்ள உறுத்துது. உள்ள இரும்பு ஆகாதுன்னு நான் வாயைத் தொறக்கவே இல்ல. மெட்ராசுக்காரரு, வர்றப்பவே ஆணி அடிச்ச பூட்ஸைக் கழட்டிட்டு, சாவிக்கொத்தை மரத்துல மாட்டிட்டுல்ல வந்தீக? உங்களுக்கு அது யாரு சொன்னா?

சத்தியமூர்த்தி: எங்கப்பாரு ஒரே ஒரு நாளு சாவியைக் கழட்ட மறந்து, மருந்து இடிக்க உள்ள போயிட்டாரு.