முன் சக்கரத்து நீல வளையங்கள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே குறிப்பேட்டில் உள்ளன. கடைத்தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஜீரோ மேஸ்திரி என்று கேட்டால்தான் கடையைக் காட்டுவார்கள். வயது ஐம்பத்து மூன்று. ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால் உள்ள சந்தில் மூன்றாவது வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ஒரே டயர்க் கடையில் சக்கரம் மாட்டுவது, பேலன்ஸ் பார்ப்பது, அலைன்மென்ட் பார்ப்பது ஆகிய வேலைகளைச் செய்து வருகிறேன். சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றினால் எந்தப் பக்கம் எடை சரியில்லை என்று திரையில் எண் வரும். ஈயத் துண்டு ஒட்டிச் சரி செய்ததும் இரண்டு பக்கமும் ஜீரோ காட்டும். ஜீரோ வராமல் ஒரு சக்கரத்தையும் நான் வெளியே விட்டதில்லை. பட்டப்பெயர் அதனால் வந்தது. அந்தப் பெயரில் எனக்குத் தலைக்கனம் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். போன மாதம் பதினேழாம் தேதி நெடுஞ்சாலையில் நடுச்சுவரில் மோதி இறந்துபோன வாடகைக் கார் ஓட்டுநர் என் தங்கையின் கணவர். அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அதிவேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டி, தானும் இறந்து, வண்டியில் சவாரி வந்த ஒரு டீச்சரின் இடுப்பெலும்பையும் முறித்துவிட்டார் என்று அவர் பேரில் வழக்கு எழுதப்பட்டிருக்கிறது. டீச்சரின் மகன் என் தங்கை வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "உன் புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கறாங்க" என்று கத்திவிட்டுப் போனார். மாப்பிள்ளை பத்தொன்பது வருடம் ஓட்டியவர், ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவர் பேரில் உள்ள பழி தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மாப்பிள்ளை அத்தனை வருடமும் அடுத்தவர் வண்டியைத்தான் ஓட்டினார். இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். அதற்கு என் பரிசாக நான்கு அலாய் வீலும் நான்கு புது டயரும் நானே எடுத்து, விபத்துக்கு முந்தின மாதம் இருபத்தொன்றாம் தேதி காலை எங்கள் கடையில் வைத்து நானே மாட்டினேன். என் தங்கையும் அவர்களுடைய ஏழு வயது மகளும் பார்க்க வந்திருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். வண்டியோடு வரும் இரும்பு வீலின் நடு ஓட்டை அந்த வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரம் உட்காரும் குமிழில், அளவெடுத்ததுபோல் உட்காரும். தனியாக வாங்கும் அலாய் வீல் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை அடைக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டிருக்கும். நான் வாங்கியதில் அது நீல நிறம். வளையத்தோடு மெஷினில் ஏற்றினால் அது நசுங்கிவிடும். ஆகவே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேலன்ஸ் பார்த்து முடித்ததும் திரும்ப வைத்து மாட்டுவது என் வழக்கம். வேறு கடைகளில் மேஜை மேல் வைப்பார்கள். மேஜையில் வைத்தால் தொலைந்துபோகும் என்று நான்தான் பையில் போடுவேன்.

முதல் இரண்டு சக்கரத்துக்கும் ஜீரோ பார்த்து முடித்தேன். அப்போது மாப்பிள்ளை, "மச்சான், வண்டியைவிட வீலு அழகா இருக்கு. இனிமே சவாரிக்கு வர்றவங்க என்னைப் பாக்க மாட்டாங்க, சக்கரத்தைத்தான் பாப்பாங்க" என்றார். நான், "இதுவரைக்கும் உங்களை எவன் பாத்தான்?" என்றேன். என் தங்கை சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். அதன் பிறகு பிள்ளையை வீல் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுத்தோம். அதன் பிறகு அதே பேச்சும் சிரிப்புமாக அந்த இரண்டு சக்கரத்தையும் முன்பக்கம் மாட்டினேன். அதன் பிறகு மற்ற இரண்டையும் மெஷினில் பார்த்து, வளையத்தைத் திரும்ப வைத்து, பின்பக்கம் மாட்டினேன். முதல் இரண்டு வளையம் என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அன்று எனக்கு அது தெரியாது.

நான்காம் நாள் மாப்பிள்ளை கடைக்கு வந்து, வேகம் எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது என்றார். ஸ்டீயரிங் நடுங்கினால் கோளாறு முன் சக்கரத்தில் என்று முடிவுசெய்து, முன் சக்கரம் இரண்டை மட்டும் கழற்றி மெஷினில் ஏற்றினேன். இரண்டும் ஜீரோ காட்டின. மெஷின் சக்கரத்தின் நடுவைத் தானே பிடித்துக்கொள்ளும், அதனால் அங்கே சரியாகத்தான் காட்டும். வண்டியில் மாட்டும்போது வளையம் இல்லாமல் சக்கரம் ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இதை நான் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கண்ணில் படவில்லை. பின் சக்கரத்தையும் கழற்றியிருந்தால் நீல வளையம் கண்ணில் பட்டிருக்கும், முன்னால் ஏன் இல்லை என்று கேட்டிருப்பேன். நான் அவரிடம், "திரையைப் பாருங்க, ஜீரோ. புது டயர், கொஞ்சம் ஓடுனா பழகிடும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் இரண்டாவது முறை வந்தார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. நட்டு தளர்ந்திருக்கும் என்று எண்ணி காற்றால் முறுக்கும் ஏர் கன்னால் எல்லா நட்டையும் இறுக்கினேன். முன் இடது பக்கம் இரண்டு நட்டு உண்மையிலேயே தளர்ந்திருந்தது. அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். இறுக்கிவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன். சக்கரம் தள்ளி உட்கார்ந்து ஆட ஆட, அதன் பாரம் போல்ட்டின் மேல் விழும். அதன் மேல் நான் போட்டு முறுக்கினால் போல்ட் என்ன ஆகும்?

மூன்றாவது முறை அவர் வந்தது விபத்துக்கு ஐந்து நாள் முன்பு, பதினொரு மணி வாக்கில். கடையில் ஆறு வண்டி வரிசையில் நின்றன. மாப்பிள்ளை தயங்கித் தயங்கித்தான் பேசினார். "முன்னாடி வீலைப் பின்னாடி மாத்திப் பாக்கலாமா மச்சான்? நடுக்கம் ஸ்டீயரிங்ல இருந்து சீட்டுக்குப் போச்சுன்னா வீலுலதான்னு தெரிஞ்சுடும்ல?" என்றார். அவர் சொன்னது சரியான வழி. அதைச் செய்திருந்தால் இன்று இதை யாரும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஓட்டுறது உங்க வேலை, ஓட்டுங்க. சக்கரத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கு அவர், "கோவிச்சுக்காதீங்க. பழைய இரும்பு வீலையே மாட்டிடுங்களேன், பின்னாடி ஷெட்ல தானே கெடக்குது" என்றார். நான் ஆசையாகக் கொடுத்த பரிசை முகத்தில் விட்டெறிவதுபோல் எனக்குப் பட்டது. அவர் மனதில் அப்படி ஒன்றும் கிடையாது. எனக்குத்தான் புத்தி அப்படிப் போயிற்று.

அதன் பிறகு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் வரை போனேன். எழுபத்தைந்தில் ஆரம்பித்து எண்பத்தைந்து வரை ஸ்டீயரிங் நடுங்கியது. தொண்ணூற்றைந்தில் நின்றுவிட்டது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்தான் இந்த நடுக்கம் தெரியும், அதைத் தாண்டினால் கைக்குத் தெரியாது. உள்ளே போல்ட்டுக்குத் தெரியும். நான் அவரிடம், "பாத்தீங்களா? எண்பதுல ஆடுனா அங்கேயே ஏன் நிக்கறீங்க? தொண்ணூறைத் தாண்டிடுங்க, ஆட்டம் நின்னுடும்" என்றேன். அவர் சரி மச்சான் என்றார். வண்டியை விட்டு இறங்கும்போது தங்கை எப்படி இருக்கிறாள் என்றுகூட நான் கேட்கவில்லை.

பதினேழாம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு, டீச்சரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழியில் முன் இடது சக்கரம் கழன்று ஓடிவிட்டது. வண்டி நடுச்சுவரில் மோதியது. மாப்பிள்ளை அங்கேயே இறந்துவிட்டார். மோதியதால் சக்கரம் பிய்ந்தது என்று அறிக்கையில் உள்ளது. அப்படியில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வதாவது: மறுநாள் வண்டியை அடையாளம் காட்ட வந்தபோது நிலையத்து வளாகத்தில் நின்ற அந்த வண்டியைப் பார்த்தேன். இடது ஹப்பில் நான்கு போல்ட்டும் முறிந்திருந்தன. மூன்றில் முறிந்த இடத்தில் துரு ஏறியிருந்தது. ஒன்றுதான் பளபளப்பாக இருந்தது. ஒரே நாளில் மோதி முறிந்திருந்தால் நான்கும் பளபளப்பாக இருக்கும். மூன்றும் பல நாளாக விரிசல் விட்டு, கடைசி ஒன்றுதான் அன்று முறிந்தது. அன்று அதைப் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. போல்ட்டே மட்டமான சரக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் இறந்து ஒன்பதாம் நாள், தங்கை கொஞ்சம் கண்ணயரட்டும் என்று பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். சோறு ஊட்டும்போது பிள்ளையின் கையில் நீல நிறத்தில் இரண்டு வளையல் கிடந்தது. முழங்கைவரை ஏற்றி விட்டிருந்தாள். ஒன்றில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். "யாரு குடுத்தாங்க தங்கம்?" என்று கேட்டேன். "அத்தை குடுத்தாங்க மாமா. உங்க சட்டையில இருந்துச்சாம். நல்லா இருக்கா?" என்றாள். நான் நல்லா இருக்கு என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். என் மனைவியைக் கேட்டபோது அவள், "துவைக்கப் போட்டப்போ பையில இருந்துச்சு. இது வேணுமான்னு அன்னைக்கே கேட்டேனே. நீங்கதான் போனைப் பாத்துக்கிட்டே, 'ஏதாவது பேக்கிங் சாமானா இருக்கும், தூக்கிப் போடு'ன்னு சொன்னீங்க. நான்தான் போட மனசு வராம ஊசி டப்பாவுல வச்சிருந்தேன். புள்ள அழுதுக்கிட்டே இருந்தா, அதான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அவள் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லமாட்டாள்.

அதன் பிறகு இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். நான் இன்னார் என்று சொன்னதும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது: "ஏன்பா இவ்வளவு வேகம்னு நான் கேட்டேன். 'பயப்படாதீங்க டீச்சர், தொண்ணூறுக்கு மேல போனா ஆடாதுன்னு என் மச்சான் சொல்லியிருக்காரு, அவரு கை வச்சா தப்பாகாது'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்." போலீசாரிடமும் இதைச் சொன்னதாகவும், அவர்கள் வேகத்தை மட்டும் எழுதிக்கொண்டதாகவும் சொன்னார். அந்த வேகம் மாப்பிள்ளையுடையது அல்ல, நான் சொல்லிக் கொடுத்தது.

இன்று காலை ஏழரை மணிக்கு என் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, சீப்பைக் கையில் வைத்தபடியே கேட்டாள். என்னை அடிப்பாள், வாசலைக் காட்டுவாள் என்றுதான் போனேன். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள், "தினமும் வந்து வண்டி ஆடுது ஆடுதுன்னு பொலம்புனாருண்ணே. பதினைஞ்சாம் தேதி வேற கடையில காட்டறேன்னு கிளம்புனாரு. 'எங்கண்ணன் ஆசையா மாட்டிக் குடுத்தது, வேற எடத்துக்குக் கொண்டு போனா அவரு மனசு என்ன பாடுபடும்'னு நான்தான் சாவியை வாங்கி வச்சுக்கிட்டேன்" என்றாள். இந்தப் பகுதியை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னது எதையும் விட முடியாது என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அப்படியானால் இதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்: என் தங்கை பேரில் ஒரு குறையும் இல்லை. அவள் என்னை நம்பினாள், அவ்வளவுதான்.

வளையங்கள் இரண்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ஒன்றில் நட்சத்திர ஸ்டிக்கர் உள்ளது, அதைப் பிய்க்க வேண்டாம். காலையில் பிள்ளை கையிலிருந்து கழற்றியபோது, "எப்ப மாமா திருப்பித் தருவீங்க?" என்றாள். நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். நிலையத்தில் நிற்கும் வண்டியின் பின் சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்த்தால் உள்ளே இதே நீல வளையம் இருக்கும். முன் வலது சக்கரத்தில் இருக்காது, கழன்று ஓடிய இடது சக்கரத்திலும் இருக்காது. வேறு மேஸ்திரியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் தொட வேண்டாம்.

எழுதியது எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டப்பட்டது. யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. வண்டியை ஓட்டியவர் பேரில் எந்தப் பிழையும் இல்லை. மூன்று முறை வந்து சொன்னார்.

கையொப்பம்.