வீட்டுக் கடிகாரத்தை எடுத்தது நான்தான் என்பது பற்றி

எனது பெயர் மதிவதனி, வயது 54, கணவர் பெயர் பலராமன். வேங்கிக்காலில் குடியிருந்து தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக வேலை செய்கிறேன். எங்கள் வீட்டு மகோகனி மரக் கடிகாரம் திருடுபோனதாக என் கணவர் நேற்று கொடுத்த புகார் சம்பந்தமாக, இன்று 12.08.1998 காலை நானாகவே நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது என்னவென்றால், அதை எடுத்தது நான்தான்.

அந்தக் கடிகாரம் ஒரு வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது அவரிடமிருந்து என் மாமனார் வாங்கியது. மாமனார் இறந்த வருடம் நின்றுபோய், பீரோ மேல் துணி சுற்றிக் கிடந்தது. வரும் வெள்ளிக்கிழமை என் கணவருக்கு அறுபதாம் கல்யாணம். அன்று அது ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு, காய்கறிப் பையில் வைத்து டவுன் பஸ்ஸில் எடுத்துப் போய், தேரடித் தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் அர்ஜுனனிடம் கொடுத்து, வெள்ளிக்கிழமை வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நான்கு நாள் கழித்து நான் கடைக்குப் போனபோது அர்ஜுனன் பின்கதவைத் திறந்து, உள்மரத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஆங்கிலத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். கடிகாரம் செய்தவர் எழுதியது. 'இன்று இதை முடித்தேன். இன்று காலை எங்களுக்குப் பெண் பிறந்தாள். தாமஸ் வெக்ஸ்லி, 14 மார்ச் 1868' என்று படித்துச் சொன்னேன். அர்ஜுனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "புள்ள மூஞ்சிய பாத்துட்டு வந்துதான் முடிச்சிருக்காரு. அதான் வேலை இவ்ளோ சுத்தமா இருக்குது" என்றார்.

அதன் பிறகு நேற்று வீட்டை ஒழித்த என் கணவர் கடிகாரம் எங்கே என்று கேட்க, தெரியாது என்று பொய் சொன்னேன். புகார் கொடுப்பார் என்று நினைக்கவில்லை. கடையில் அதைப் பார்த்த ஒருவர் சொன்னதன் பேரில் இன்று காலை அர்ஜுனனைக் கடிகாரத்தோடு நிலையத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். நான் கடைக்கு வந்ததைப் பார்த்திருந்த அவர் மனைவி வெள்ளையம்மாள் பள்ளிக்கு ஓடிவந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உடனே ஆட்டோவில் வந்தேன். ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அர்ஜுனனைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாதீங்கன்னீங்களேம்மா. இன்னும் ரெண்டு நாள் இருக்குதே" என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சிட்டேங்க, மன்னிச்சிடுங்க" என்றார். அதன் பிறகு கடிகாரத்தில் காது வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே எழுதியிருந்ததை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அதற்குக் கீழே அர்ஜுனனும் எழுத வேண்டும் என்றார். வழக்குச் சொத்தில் யாரும் எழுதக்கூடாது என்று சார்பு ஆய்வாளர் சொன்னதால், என் கணவர் நின்றபடியே புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தார். காவலர் ராஜேந்திரன் டார்ச் அடிக்க, அர்ஜுனன் கை வேர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, 'அர்ஜுனன், தேரடித் தெரு, 12.8.98. நல்லா ஓடுது' என்று எழுதினார்.

நான் சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டினார்கள். கணவரிடம் சொன்ன அந்த ஒரு பொய் தவிர இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) ப. மதிவதனி