கினுயேயின் வண்டிக்கு முன் பிரேக்

காரின் முன் பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒர்க்‌ஷாப்காரர்கள் அதை ஏதோ பெரிய வித்தை மாதிரிப் பேசுவார்கள், நம்பாதீர்கள். சமதரையில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வண்டிக்கு எப்போதும் நான்தான் செய்வேன். என் மனைவி கினுயே பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உயெதா நகரத்தில் ஓர் அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையாம். தனியாகத்தான் போகிறாளாம்.

"உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. உங்க கூட இருந்தா மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து மூச்சு முட்டுகிறதாம். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மலைக்கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த பேருந்தை நிறுத்தி வெகுகாலமாகிறது. கார் இல்லாமல் கீழே போக வழியில்லை. இங்கே எல்லோரும் சாவியை வண்டியிலேயே விட்டுவைப்பார்கள். சாவியை எடுத்து ஒளித்தால், அந்த வீட்டில் ஏதோ தகராறு என்று ஊரே பேசும். அதனால் நான் சாவியைத் தொடவே இல்லை. முன் பிரேக் கீச்சிடுகிறது, இந்தச் சரிவில் ஆபத்து என்று சொல்லி, முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினேன். கீச்சிட்டது நிஜம். டிஸ்க் தேய்ந்திருந்ததும் நிஜம். புது டிஸ்க் வந்தது, அளவு சேரவில்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது. இடுப்பு வலி என்றேன். அப்புறம் பனி விழ ஆரம்பித்துவிட்டது. அவசரத்தில் செய்கிற வேலையா அது?

அவள் நடந்தே கிளம்பினாள். அப்படிச் செய்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டு ஹோசாகாவிடம், கினுயேவுக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். ஒருமுறை அடுப்பில் பாத்திரத்தைக் கருகவிட்டாள் அல்லவா? வழி தவறிப் போகிற வயதானவர்களை ஒலிபெருக்கியில் அறிவித்துத் தேடுவது எங்கள் ஊர் வழக்கம். நகராட்சிக்கு போன் செய்து உடுப்பைச் சொன்னேன். பழுப்பு மேல்கோட்டு, சாம்பல் தொப்பி என்று கம்பத்துக்குக் கம்பம் அவள் அடையாளம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

ஹோசாகா தன் குட்டி லாரியில் கூட்டிவந்து வாசலில் இறக்கினார். "என்னக்கா இப்படிக் கிளம்பிட்டீங்க? அண்ணன் எவ்வளவு பயந்துட்டாரு பாருங்க. வாங்க, சூடா டீ குடிச்சா எல்லாம் ஞாபகம் வந்துரும்."

எனக்கு மறதியே இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் இன்னும் பரிவாகத் தலையாட்டினார். அடுத்த முறை தபால்காரப் பெண் கூட்டிவந்தாள். அதற்கடுத்து, பனி அள்ளுகிறவர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். உயெதாவில் அறை கொடுப்பதாக இருந்தவரிடமும், பள்ளிக்கூடத்திலும் நானே பேசி, விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பிறகு அவள் போவதைப் பற்றிப் பேசவில்லை. நாள் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அமைதி திரும்பிவிட்டது என்று நான் மிகவும் சந்தோஷப்பட்டேன்.

பனி உருகிய பிறகு, ஒரு மத்தியானம், அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய தாழ்வான மேசைக்குள் காலை நீட்டிக் கண்ணயர்ந்திருந்தேன். நட்டு முடுக்குகிற சத்தம் கேட்டு விழித்தேன். எழுந்து ஜன்னலுக்குப் போனேன். இரண்டு பக்கமும் புது டிஸ்க் மாட்டி, சக்கரங்களையும் பூட்டியிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. விளக்குப் பிடித்த காலத்திலேயே எல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. புது டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற பேடும் மாட்டுவதற்கு, பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளுவோம். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பல தடவை மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதி தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதை எப்போதும் நான் உள்ளே உட்கார்ந்து செய்வேன். அந்த நேரத்தில் அவள் வெளியே விளக்கு ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பாள்.

ஜாக்கியை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். என்னை எழுப்பிவிடக்கூடாது என்று எஞ்சினைக்கூட முடுக்கவில்லை. இறங்கி ஒருமுறை தள்ளிவிட்டு ஏறிக்கொண்டாள். கார் சத்தமில்லாமல் வாசலைத் தாண்டிச் சரிவில் உருண்டது. அவள் பிரேக்கைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியும், பின்னால் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஆற்றுக்கு மேலே இருக்கிற வளைவுக்குப் போனபோதுதான் எரிந்தது. அணைந்தது, மறுபடி எரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை ஆற்றில் இறங்கிய உங்கள் ஆட்களே பார்த்தார்கள்.

ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டீர்கள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "கினுயே, மிதிச்சுப் பாரு" என்று சொன்னால் போதும், கேட்டிருக்கும். வேலை விஷயத்தில் அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. மிதித்திருப்பாள். பிரேக் பிடித்திருக்கும். பத்திரமாக உயெதா போய்ச் சேர்ந்திருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.