தடுப்புச் சுவருக்கு மட்டும்

ஹலோ... ஹலோ, யாருங்க?... அண்ணா? இது யாரோட நம்பர்?... சரி, சரி, நீ எங்கே இருக்கேன்னு நான் கேக்கலை. இங்கே எல்லாரும் மேஸ்திரி எங்கே, மேஸ்திரி எங்கேன்னுதான் தேடுறாங்க... ஆமா, ஆஸ்பத்திரியிலதான். பூச்சுக்காரரோட சம்சாரமும் இதே பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க. இரு, கொஞ்சம் தள்ளி வந்துடுறேன்...

ம், சொல்லு... இல்லைண்ணா. பூச்சுக்காரர் பிழைக்கலை... மத்தியானமே. உடம்பை இன்னும் குடுக்கலை... ஆமா. ஆமா... அழாதே. நீ அழுதா எனக்குப் பேச்சு வராது.

மத்த ரெண்டு பேரா? ஒருத்தருக்குக் கால் போச்சு. இன்னொருத்தர் படியில நின்னதால தப்பிச்சார். அவர்தான் சொன்னார். தளத்தைத் தாங்கக் குடுத்திருந்த முட்டுக் கம்பங்களைப் பிரிச்சதும் கீழ்ச் சுவர் வயிறு தள்ளின மாதிரி வெளியே வந்துச்சாம். பூச்சுக்காரர்தான் முதல்ல பார்த்திருக்கார். ஓடுங்கன்னு கத்தியிருக்கார். அவர் திரும்புறதுக்குள்ளே தளம் இறங்கிடுச்சு...

என்ன?... திரும்பச் சொல்லு... என் பட்டறையில வார்த்த சிமெண்ட் கல்லு மோசம்னு நானே சொல்லணுமா?

இல்லை, நீ முதல்ல கேளு. பட்டறைக்கு வந்து கல் ஏத்தினப்போ நான் என்ன சொன்னேன்? மணல்ல ஒரு பங்கைக் குறைச்சுப் பழைய டயரை அரைச்ச தூளைப் போட்டிருக்கோம், எடை கம்மி, சத்தம் தாண்டாது, அறைக்கும் அறைக்கும் நடுவுல தடுப்பு எழுப்பிக்கோ, மேலே பாரம் ஏத்திடாதேன்னு சொன்னேனா இல்லையா?... சொன்னேன்ல?... அப்புறம் ஏன் அதுமேல மாடி போட்டே?... பாரம் தாங்குற கெட்டிக் கல் வரத் தாமதம், சரி. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், சரி. எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேண்ணா. இப்போ போடத் தெரியுதுல்ல...

ஆமா, தெரியும். அப்பா போனப்புறம் எங்களைத் தூக்கி நிறுத்தினது நீதான். பட்டறைக்குக் கூரை போட்டதும் நீதான். மறக்கலை... மறக்கலைன்னு சொல்றேன்ல... அம்மா மேல சத்தியமெல்லாம் வேண்டாம், விடு.

பழியை ஏத்துக்கிட்டாலும் பொம்பளைன்னா விட்டுடுவாங்கன்னு யார் சொன்னா உனக்கு?... பட்டறை மூடினா மூடட்டும், அதுக்காக இல்லை. இன்னைக்கு நான் கல்லு மேல பழியைப் போட்டுட்டா, நாளைக்கு நீ வேற கல்லை வெச்சு இதே மாதிரி கட்டுவே... கட்டுவே. எனக்கு உன்னைத் தெரியாதா?

விசாரிக்க வர்ற என்ஜினியர்கிட்ட நடந்ததைத்தான் சொல்லப்போறேன். நீயும் வந்து சொல்லு. நான் உன் பக்கத்துலயே நிக்கிறேன்... அண்ணா, ஒரு நிமிஷம். பூச்சுக்காரரோட சம்சாரம் எழுந்து வர்றாங்க.

ஆமாக்கா, அண்ணன்தான்... என்னக்கா?... சரி, சொல்றேன்.

அண்ணா, உன்கிட்டே பேசணுமாம்... திட்ட இல்லை. காலையில வீட்டுல ஏதோ சண்டையாம். ஒரு வார்த்தை பேசாம வேலைக்குக் கிளம்பிட்டாராம். உன்கூடத்தானே டீ குடிச்சார், இவங்களைப் பத்தி ஏதாவது சொன்னாரான்னு கேக்கணுமாம். அவ்வளவுதான்... இந்தா, குடுக்குறேன். பேசு.

என்னக்கா, கேக்கலையா?... நல்லாக் காதுல வெச்சுப் பாருங்க... இப்படிக் குடுங்க. ஹலோ. அண்ணா... ஹலோ...

போனை வெச்சுட்டாருக்கா.