சுவரில் ஒரு முகம் கூடுதல்

விடிகாலை ஐந்து மணி. லைன் வீடுகளிலிருந்து மாதா கோயிலுக்குத் தேயிலைக்குள்ளே ஒன்றரை மைல்... ஆளில்லாத பாதை. தங்கவேலு நடந்து வந்து, கோயிலுக்குள் லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் சுவர்ப் படத்தில் பதினோரு முகம். இப்போது பன்னிரண்டு.

கிட்டே நகர்ந்து உட்காருங்கள், சொல்கிறேன். தங்கவேலு என் சிநேகிதன் மருதாசலத்தின் மாமா. இலங்கையில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்து எழுதியவர். எழுபத்திரண்டாம் வருஷம், ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது கப்பலேறி குன்னூர்ப் பக்கம் வந்தார். மாமியார் படுக்கையில் கிடந்ததால் மனைவி தெய்வம்மா அங்கேயே தங்கினாள். அடுத்த கப்பலில் வருவதாகப் பேச்சு.

கோயிலில் அவருக்குக் கிடைத்த வேலை, பக்கச் சுவரில் இருந்த உத்தரிக்கிற ஸ்தலத்துப் படத்தைப் புதுப்பிப்பது. செத்தவர்கள் மோட்சம் போகுமுன் பாவம் தீர நெருப்பில் நிற்கும் இடம் அது. கீழே தீயில் முகங்கள். மேலே, இறக்கையோடு குனிந்த சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள்.

புதுப் பெயிண்டைத் தாண்டிப் பழைய பெயிண்ட் தெரிவதுண்டு. அப்படித்தான் நினைத்தார். காரை தெரியும்வரை சுரண்டிவிட்டு, அங்கே தீயை வரைந்தார். மறுநாள் முகம் அதே இடத்தில்... ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூடுபனியில் எண்ணெய்ப் பெயிண்ட் காய நாலு நாள் ஆகும். அவர் வரைந்த தீ விரலில் ஒட்டியது. முகம் காய்ந்திருந்தது.

கோயில் சாவி வைத்திருந்த ஜெஸிந்தா எட்டிப் பார்த்தாள். "தெரிஞ்ச மூஞ்சிங்களாண்ணா?"

"இலங்கையில எங்க தோட்டத்துக் கங்காணி. அய்யாவு."

"ஞானஸ்நானம் வாங்கினவருங்களா?"

"மாரியம்மனுக்குத் தீ மிதிச்ச ஆள், தங்கச்சி."

"அதான் தீயப் பாத்ததும் வந்து நின்னுட்டாருங்க."

இருவரும் சிரித்தார்கள். பத்தாம் நாள் இலங்கையிலிருந்து கடிதம். அய்யாவு இறந்துபோயிருந்தார்... அந்த முகம் முதலில் தோன்றிய அதே இரவில்.

அதன்பின் தங்கவேலு அந்த ஒன்றரை மைலை ஓடியே வந்தார். உள்ளே போக மாட்டார். வாசலில் நின்றுகொண்டு, "புதுசா இருக்கா? பொம்பள முகமா, பாரு தங்கச்சி" என்பார்.

"இல்லீங்கண்ணா. ஒரு கெழவருங்க."

அந்தக் கிழவரும் அவருக்குத் தெரிந்தவர்தான். சுரண்ட மனம் வரவில்லை. படம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சம்மனசு, தீயில் இருந்த ஒருவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடி கிடைத்தவன் மேலே போவான். மற்றவர்கள் நிற்பார்கள். கிழவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வரைந்தார். காலையில் அவர் முகம் இல்லை. வெறும் தீ. அய்யாவுக்கும் வரைந்தார். அவரும் போனார்.

கார்த்திகையில் ஒரு விடியல்... ஜெஸிந்தா உள்ளே போனாள். எண்ணெய் கருகும் வாடை மட்டும் வாசல்வரை வந்தது. பிறகு அவள் குரல், மெல்ல.

"நீங்களே வந்து பாத்துக்கங்கண்ணா."

தீயிலிருந்து மேலே அனுப்பும் வழி இதுதான். நாலு விரல், ஒரு கட்டைவிரல், மணிக்கட்டைச் சுற்றி இறுக்கமாக. வரைந்துவிட்டால் விடிவதற்குள் முகம் போய்விடும். தெய்வம்மாவுக்கு மட்டும் அந்தக் கையை அவர் இன்றுவரை வரையவில்லை.